கீழ் வரிசை

மூன்றாவது டைலும் உடைந்து விழுந்த பிறகுதான் ஜெனலின் கையிலிருந்த காப்பித் தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். முதல் சத்தத்தை, யாரோ கோப்பையைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று நினைத்திருந்தாள். இரண்டாவதற்கு, துக்கத்துக்குத் துணையிருக்க வந்து முன்னறையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சீட்டைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மெழுகுவத்தி விளக்குகளுக்கு நடுவே, கண்ணாடி வைத்த சவப்பெட்டிக்குள், கெடாமல் மருந்தேற்றி, ஒரு வாரமாக அம்மா கிடந்தாள்.

சமையலறையில் அப்பா சுவரோரமாகக் குந்தியிருந்தார். ஒரு கையில் உளி, ஒரு கையில் சுத்தியல். தலைமுடி, புருவம், அடக்கத்துக்காக அவள் வாங்கித் தந்த வெள்ளைச் சட்டை, எல்லாவற்றிலும் சிமெண்டுத் தூள்.

"என்னப்பா பண்றீங்க?"

"டைல் எடுக்கிறேன்."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தானே ஒங்கம்மா போறா."

உளியை அடுத்த டைலின் இடுக்கில் வைத்து அடித்தார். அது நடுவில் விரிசல் விட்டு, இரண்டு துண்டாகி, அவர் பாதத்தின்மேல் விழுந்தது. அதையும் எடுத்து மற்ற துண்டுகளோடு ஓரமாக அடுக்கி வைத்தார். குப்பையை யாராவது அடுக்கி வைப்பார்களா? ஜெனலினுக்கு எரிச்சல் வந்தது.

அந்த டைல்களை அவளுக்கு எப்போதுமே பிடித்ததில்லை. மஞ்சளடித்த வெள்ளை. கல்லூரித் தோழிகள் வீட்டுக்கு வந்த அன்று சமையலறைக் கதவை அவள் சாத்தியே வைத்திருந்தாள். கதவு என்றால் அரைக் கதவுதான். ஆறு கடலில் சேரும் இந்த சான் ரோக்கே ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஓதம் ஏறும் நாட்களில் கடல் ஆற்றுக்குள் வந்து, ஆறு தெருவுக்குள் வந்து, தெரு வீட்டுக்குள் வரும். வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் அதிகமாக வரும். தாங்க முடியாமல் போகும்போது வீட்டுக்காரர்கள் மண்ணும் சிப்பியும் இடிசலும் கொட்டித் தரையை உயர்த்துவார்கள். மேலே சிமெண்ட் பூசுவார்கள். கதவின் அடியை அறுப்பார்கள். கூரையை உயர்த்த யாரிடமும் வசதி கிடையாது. அதனால் ஒவ்வொரு தடவையும் வீடு கீழேயிருந்து குட்டையாகும். ஜெனலின் பிறந்தபோது அப்பா கையை நீட்டினாலும் விட்டம் எட்டாதாம். இப்போது தூக்கத்தில் எழுந்து நடந்தால் நெற்றியில் இடித்துக்கொள்கிறார்.

தரை ஏற ஏற டைல் மூழ்கியது. கல்யாணமான புதிதில் நெஞ்சு உயரத்துக்கு ஒட்டியதாம். இப்போது தரைக்கு மேலே தெரிவது இரண்டே வரிசை. அடுத்த மாதம் மறுபடி மண் கொட்டப்போகிறார்கள், தெருவே பேசி முடித்தாகிவிட்டது. கொட்டினால் அந்த இரண்டும் போய்விடும்.

"ஒவ்வொரு தடவையும் சொன்னா," என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே. "மண்ணு கொட்டுறதுக்கு முன்னாடி டைலைக் கழட்டிக் குடுய்யான்னு. அடுத்த வாட்டி, அடுத்த வாட்டின்னே நான் சொல்லிட்டிருந்தேன். லாரிக்காரன் வந்து நின்னுட்டா எங்க நேரம்? கொட்டுடான்னு விட்டுருவேன். ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் கேட்டா."

"கழட்டி என்ன பண்றது?"

"அவ கல்லறை வாய்ல ஒட்டணும்."

ஜெனலின் சிரித்துவிட்டாள். சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. இந்த ஊர்க் கல்லறைத் தோட்டம் முழுக்கக் குளியலறை டைல்தான். பச்சை, இளஞ்சிவப்பு, மீன் படம் போட்டது. பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிய சிமெண்ட் அறைகள், ஒவ்வொன்றின் வாயிலும் மிச்சம் மீதி டைல். செத்தவர்கள் எல்லாரும் குளிக்கப் போயிருப்பதுபோல இருக்கும். அம்மாவுக்கு அது வேண்டாம் என்றுதான் அவள் கறுப்புக் கல் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்தாள். பொன் எழுத்தில் பெயர் வெட்டி இரண்டு வாரத்தில் கொடுப்பார்கள்.

"கல்லு வருதுப்பா. நான் சொல்லியிருக்கேன்ல."

"வரட்டும்," என்றார் அவர். மறுபடி அடித்தார். உளி வழுக்கி இடது கைவிரலில் இறங்கியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அடி வாங்கிய பையன் மாதிரி.

அப்போது பெபாங் சித்தி உள்ளே வந்தாள். அம்மாவின் தங்கை. துக்க வீட்டின் சட்டதிட்டம் எல்லாம் அவள் கையில்தான். யார் வந்தாலும் வாசல்வரை போய் வழியனுப்பக் கூடாது, கண்ணீர் கண்ணாடிமேல் விழக் கூடாது, இறந்தவளுக்குச் செருப்பு மாட்டக் கூடாது என்று ஒரு வாரமாக ஜெனலினைத் துரத்திக்கொண்டிருக்கிறாள். செருப்பு விஷயத்தில் ஜெனலின் சண்டையே போட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் இடுப்புவரைதான் தெரியும், ஆனால் கீழே துணிக்கு அடியில் அம்மாவின் கால் வெறுமனே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, சிப்பி கீறிய சின்னக் காயமும் இருக்கும்.

அந்தக் காயம் வழியாகத்தான் எல்லாம் நடந்தது. காயத்தோடு ஓதத் தண்ணீரில் நடந்தாள். தண்ணீரில் எலி மூத்திரம். காய்ச்சல், மஞ்சள் கண், சிறுநீரகம் நின்றது, அவ்வளவுதான். அந்த நோய்க்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. வந்தவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்ல ஜெனலினுக்குப் பிடிக்கவில்லை. எலி மூத்திரத்தால் செத்தாள் என்றே சொன்னாள். சொன்னபோது முகம் சுளித்தவர்களை நேராகப் பார்த்தாள்.

முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியை முதல் சம்பளத்திலேயே வாங்கி அனுப்பியிருந்தாள். அம்மா அதில் மண் போட்டு மிளகாய்ச் செடி வைத்தாள். இப்போதும் பின்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன, காய்த்து. "தண்ணி எட்டாத எடத்துல இருக்குதுங்க பாரு, எவ்ளோ சொகம்," என்று ஃபோனில் காட்டினாள். நகரத்தில் நான்காவது மாடியில் ஜெனலின் வாடகைக்கு எடுத்த அறைக்கும் ஒருமுறை வந்தாள். காலெல்லாம் காய்ஞ்சு அரிக்குது என்று சொல்லித் திரும்பிவிட்டாள். அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருந்தது. செத்தவளிடம் கோபப்படக் கூடாது என்பதும் சித்தியின் சட்டங்களில் ஒன்றாக இருக்கும்.

சித்தி சமையலறையைப் பார்த்தாள். உடைந்த துண்டுகளைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இசித்ரோ மச்சான், புத்தி கெட்டுப்போச்சா ஒங்களுக்கு? பொணத்தை வெச்சிட்டு வீட்டைக் கொத்துறதா?"

ஜெனலின் மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்தாள். சித்தி அதைப் பிடுங்கினாள்.

"ஏடி, பெட்டி வீட்டுல இருக்கிறப்ப பெருக்குவாங்களா? அடுத்து யாரைக் கூட்டித் தள்ளப்போறே, என்னையா? தூசி கெடக்கட்டும். அடக்கம் முடிஞ்சு வந்து பெருக்கிக்க."

"எல்லார் கால்லயும் குத்தும் சித்தி."

"குத்தட்டும். குத்தினா சாக மாட்டாங்க. பெருக்கினா சாவாங்க." சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலில் குத்தித்தானே அக்கா செத்தாள். பிறகு சித்தி, சாயங்காலம் ஓதம் பெரிசு, பாலத்துக்குக் கீழே ரோடு மூழ்கிவிடும், உச்சிப்பொழுதுக்குள் பெட்டி கிளம்பியாக வேண்டும், சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலுக்குப் பக்கத்தில் ஜெனலின் காலையிலேயே கட்டிவைத்த பை இருந்தது. அப்பாவின் சட்டைகள், இரண்டு கால்சட்டை, மாத்திரை. அடக்கம் முடிந்ததும் இப்படியே என்னோடு வருகிறீர்கள், பேச்சே வேண்டாம் என்று விடிந்தவுடன் சொல்லியிருந்தாள். அவர் காப்பியை ஊதிக் குடித்தார். இந்தத் தண்ணீரில் இன்னொருவரையும் விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. அதை அவள் உத்தரவாகத்தான் சொன்னாள். வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

அவர் விரலில் ரத்தம் நிற்கவில்லை. அவள் ஒரு துணியைக் கிழித்துக் கட்டினாள். கட்டி முடித்ததும் அவர் மறுபடி உளிக்குக் கையை நீட்டினார்.

"குடுங்க இங்க."

கறுப்புக் கவுனை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபோனில் தேடிப் பார்த்தாள். ஒரு வெளிநாட்டுக்காரன் பளபளக்கும் இயந்திரம் வைத்துச் சிரித்துக்கொண்டே வெண்ணெய் மாதிரி டைலை உரித்தான். ஃபோனை மூடினாள். முதலில் இடுக்குகளைச் சுரண்டினாள். பிறகு உளியைச் சாய்த்து, ஓரத்திலிருந்து மெல்லத் தட்டினாள். தட்டத் தட்ட, ஒரு டைல் அசைவதுபோல இருந்தது. அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் ஏந்தினார். மூலை போய், மிச்சம் கைக்கு வந்தது. பின்பக்கம் தடித்த சிமெண்ட், சுவரின் பாதியையே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது.

"எதுக்கு இவ்ளோ சிமெண்டு? அணையா கட்டினீங்க?"

"விழக் கூடாதுன்னு."

"விழவும் இல்ல, வரவும் இல்ல."

அடுத்தது உடைந்தது. அதற்கடுத்ததும். மேல் வரிசை முடிந்து இரண்டாவதுக்கு வந்தபோது முழுதாக இருந்தது ஒன்றே ஒன்று, அதிலும் எண்ணெய்க் கறை. முன்னறையில் சீட்டை எடுத்து வைக்கச் சொல்லும் சித்தியின் குரல் கேட்டது. வெளியே பெட்டி வண்டி வந்து நின்றதாக யாரோ சொன்னார்கள். ஜெனலினின் மணிக்கட்டு மரத்துப்போயிருந்தது. தொண்டைக்குள் தூசி.

"இத்தனை வருஷம் நல்லதையெல்லாம் மண்ணைக் கொட்டி மூடிட்டு, மிச்சம் இருக்கிற சொத்தையை இன்னிக்கு வந்து கொத்துறீங்க. உசுரோட இருக்கிறப்ப ஒரு வரிசை, ஒரே ஒரு வரிசை கழட்டிக் குடுத்திருக்கலாம்ல? எல்லாம் இதோ எங்காலுக்குக் கீழதான கெடக்குது."

கத்தவில்லை. ஆனால் முன்னறையில் பேச்சு நின்றது.

அப்பா தரையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் நூல் பிடித்ததுபோல ஒரு விரிசல் ஓடியது. அதில் எறும்புகள் போய்க்கொண்டிருந்தன.

"கீழ வரிசை எல்லாம் அவ ஒட்டினது," என்றார்.

"அம்மாவா?"

"நீ வயித்துல இருந்தே. நிக்க முடியல அவளுக்கு. நான் மேல ஒட்டுறேன், நீ சும்மா இருன்னேன். கேட்டாளா? கால நீட்டிப்போட்டு ஒக்காந்துக்கிட்டு, கை எட்டுற வரைக்கும் அவளே ஒட்டினா. சிமெண்டை வேற கஞ்சி ஊத்துற மாதிரி தொட்டுத் தொட்டு வெப்பா. மூட்டை தீர்ந்துரும்னு. விழுந்துரும்டின்னு நான் கத்தினேன்." அவர் கட்டுப்போட்ட விரலால் தரையைத் தொட்டார். "விழல."

ஜெனலின் எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள்.

முதல் குத்து விழுந்ததும் சித்தி ஓடிவந்தாள். வாசலில் கையை ஊன்றி நின்று, ஜெனலின் தரையைப் பிளப்பதைப் பார்த்தாள். அப்பா குனிந்து சிமெண்ட் துண்டுகளை எடுத்துப் போடுவதைப் பார்த்தாள். ஜெனலின் நிமிர்ந்து, "கீழ் வரிசை அம்மா ஒட்டினதாம் சித்தி," என்றாள்.

"தெரியும். குடத்துல தண்ணி தூக்கிக் குடுத்தது நான்தான்." சித்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கிறவங்க என்ன நெனைப்பாங்க? ஒரு மரியாதை வேணாமா?" பிறகு பாவாடையை உதறிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் ஜெபம் தொடங்குவது கேட்டது. வழக்கத்தைவிட உரத்த குரல். மாதாவின் பிரார்த்தனையைத் தேர்ந்தெடுத்திருந்தாள், அதுதான் நீளம். ஒவ்வொரு பெயரையும் அவள் நீட்டிச் சொல்ல, கூட்டம் மொத்தமாக, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது.

ஜெனலினுக்குப் புரிந்தது. கூட்டம் வாயைத் திறக்கும்போதெல்லாம் கடப்பாரையை இறக்கினாள்.

விடியற்காலத்தின் நட்சத்திரமே.

எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

சிமெண்ட் பிளந்தது. கீழே மண்ணும் சிப்பியும் செங்கல் இடிசலும். அதற்குக் கீழே இன்னொரு தரை, சிவப்புச் சாயம் பூசியது. ஜெனலின் அதை அடையாளம் கண்டாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது இருந்த தரை. அதில் தேங்காய் மட்டையை ஒரு காலால் தேய்த்துத் தேய்த்து அம்மா மெருகேற்றுவாள். அதன்மேல் கடப்பாரையை இறக்க ஒரு கணம் கை வரவில்லை. கூட்டம் வேண்டிக்கொண்டது. இறக்கினாள். கீழே மண் ஈரமாக இருந்தது, உப்பு நாறியது. இனிக் கடப்பாரை வேண்டாம் என்று அப்பா கையால் தடுத்தார். இரண்டு பேரும் முழங்கால் போட்டுக் கையால் தோண்டினார்கள். அவள் நகம் எதிலோ வழுக்கியது.

அப்பா குவளைத் தண்ணீரை ஊற்றினார். சேறு வழிந்து இறங்கியது. வெள்ளை தெரிந்தது, மஞ்சள் இல்லாத வெள்ளை. நடுவில் ஒரு நீலப் பூ, பட்டாணி அளவு, இரண்டு பச்சை இலையோடு.

"பூ இருக்கு," என்றாள்.

"இருந்துச்சு. எல்லாத்துலயும்தான் இருந்துச்சு. மேல இருந்ததையெல்லாம் ஒங்கம்மா சாம்பல் போட்டுத் தேய்ச்சே கரைச்சிட்டா. மலிவுச் சரக்கு. தேய்க்காதடின்னா கேப்பாளா?"

வரிசை நேராக இல்லை. ஒன்று ஏறியிருந்தது, அடுத்தது இறங்கியிருந்தது. உட்கார்ந்தபடி, வயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி ஒட்டியவள் எப்படி நேராக ஒட்டியிருப்பாள்? ஜெனலின் உளியை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள். டைலின் மேல் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். அவ்வளவுதான். ஈர மண்ணில் உறிஞ்சும் சின்னச் சத்தத்தோடு டைல் முழுதாகக் கைக்கு வந்தது.

திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஐந்தே பொட்டு சிமெண்ட். நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று. கரண்டியால் வைத்ததில்லை. ஒவ்வொரு பொட்டிலும் ஒரு விரல் அழுந்தி எடுத்த குழி, ரேகைகூட லேசாக. அவள் தன் விரலை ஒரு குழியில் வைத்துப் பார்த்தாள். அப்பா பார்ப்பதைக் கவனித்து எடுத்துக்கொண்டாள்.

ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவள் எடுக்க, அவர் வாங்கிக் கழுவி, துடைத்து, அம்மாவின் ஏப்ரனை விரித்து அதன்மேல் வைத்தார். ஒன்று மட்டும் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. அதையும் கழுவித்தான் வைத்தார். முன்னறையில் பிரார்த்தனை முடிந்து, சித்தி மூச்சு வாங்காமல் அடுத்ததைத் தொடங்கினாள். யாரோ ஒரு கிழவர், இது எந்த ஊர் வழக்கம், இத்தனை ஜெபமா என்று கேட்டார். சித்தி அவரை ஜெபத்துக்கு நடுவிலேயே அடக்கினாள்.

கல்லறை வாய்க்குப் போதும் என்று அப்பா சொன்னபோது குழியில் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. கடல் திரும்பிவிட்டது. வாசலில் சாமியார் காரின் ஹாரன்.

டைல்களை எதில் எடுத்துப்போவது என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அரிசிச் சாக்கு நனைந்திருந்தது. பிளாஸ்டிக் கூடை கிழிந்திருந்தது. ஜெனலின் வாசலுக்குப் போய் அந்தப் பையை எடுத்து வந்தாள். ஜிப்பைத் திறந்து, மாத்திரையை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி, ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு டைலாகச் சுற்றி, மறுபடி பைக்குள் அடுக்கினாள். அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்சட்டையை மேலே மெத்தைபோல வைத்து மூடினாள்.

"கனமா இருக்கும். நான் தூக்குறேன்," என்றாள்.

பெட்டியைத் தூக்கியவர்கள் அரைக் கதவு வழியாக வெளியே போக முழங்கால் மடக்கிக் குனிய வேண்டியிருந்தது. பின்னால் போனவர்களும் குனிந்தார்கள். பெட்டி வாசலைத் தாண்டும் நேரம் ஒரு தட்டை உடைக்க வேண்டும், சாவு அதோடு அறுந்துபோக. யாரோ சித்தியிடம் தட்டை நீட்டினார்கள்.

"அதை உள்ள வை," என்றாள் சித்தி. "காலையிலேருந்து ஒடைச்சது இந்தத் தெருவுக்கே போதும்."

கல்லறைத் தோட்டத்தில் கீழ் அடுக்குகள் பாசி பிடித்துக் கிடந்தன. அங்கே இடம் மலிவு, வருஷத்தில் பாதி தண்ணீருக்குள். அம்மாவுக்கு மூன்றாவது அடுக்கில் வாங்கியிருந்தாள் ஜெனலின். முந்தின நாள் இடத்தைக் காட்டிய கொத்தனார், உள்ளே கையை விட்டு ஆழத்தைக் காட்டி, நல்ல நீளம், பின்னால் ஐயாவுக்கும் இதே போதும், வாயைப் பேர்த்துவிட்டு எலும்பை ஓரமாக ஒதுக்கிக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். அதற்கு ஜெனலின் அவனைக் கிழித்துவிட்டாள். என் அப்பா இந்தச் சேற்றுக்குத் திரும்பி வரமாட்டார், உன் வேலையை மட்டும் பார் என்றாள். பாவம், அவன் இன்று அவள் பக்கமே திரும்பாமல் சிமெண்ட் குழைத்தான்.

பெட்டியை உள்ளே தள்ளினார்கள். சாமியார் தண்ணீர் தெளித்தார். செங்கல் அடுக்கி வாயை மூடிப் பூசி முடித்ததும் கொத்தனார் ஒதுங்கிக்கொண்டான். அப்பா ஏணிப்படியில் ஏறி நின்றார். ஜெனலின் கீழே பையைத் திறந்து, சட்டையைப் பிரித்து, முதல் டைலை நீட்டினாள்.

அவர் கரண்டியில் சிமெண்டை அள்ளினார். டைலின் முதுகு முழுக்கத் தடவினார், கேக்குக்குப் பூசுவதுபோல. அதன்மேல் இன்னொரு கரண்டி.

"இன்னும் கொஞ்சம் வைங்க மச்சான்," என்றாள் சித்தி கீழேயிருந்து. "மழையும் வெயிலும் அடிக்கிற எடம்."

"அவ்ளோ வேணாம்ப்பா," என்றாள் ஜெனலின்.

அவர் குனிந்து பார்த்தார்.

"அஞ்சு பொட்டு வைங்க. அம்மா வெச்ச மாதிரி."

"அது என்னத்துக்கு ஆகும்?" என்றாள் சித்தி. "கை வெச்சா வந்துரும்."

"வரட்டும்."

கொத்தனார் அப்போதுதான் முதல் தடவையாக அவளைப் பார்த்தான். உடனே தன் சட்டியைப் பார்த்துக்கொண்டான். சித்தி எதையோ சொல்ல வாயெடுத்து, ஜெனலினின் முகத்தைப் பார்த்தாள். அப்பா கரண்டியின் விளிம்பால் டைலின் முதுகைச் சுத்தமாக வழித்து, சிமெண்டைச் சட்டியில் திரும்பப் போட்டார். கரண்டியையும் சட்டியில் போட்டார். கட்டுப்போடாத கையின் விரலை சிமெண்டில் தொட்டு, மூலைக்கு ஒன்றாக நான்கு, நடுவில் ஒன்று வைத்தார். கீழ் வரிசையிலிருந்து தொடங்கினார். அவள் ஒவ்வொன்றாகச் சட்டையைப் பிரித்துக் கொடுத்தாள். விரிசல் விட்டதை நடுவில் வைத்தார். வரிசை நேராகத்தான் வந்தது. இரண்டாவது வரிசையில் ஒன்றை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி ஒட்டினார்.

அடக்கத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போகக் கூடாது, செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். வழியில் ரொட்டிக் கடையில் நிறுத்தி மூன்று பேரும் சூடான பன் தின்றார்கள். அப்பா இன்னொன்று கேட்டு வாங்கித் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். சித்தி தன் வீட்டுப்பக்கம் திரும்புமுன், இனிப் பெருக்கலாம் என்று ஜெனலினிடம் சொன்னாள்.

அவள் விளக்குமாற்றோடு சமையலறைக்குப் போனாள். சுவரோரக் குழி நிறைந்து, தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரையில் பரவிக்கொண்டிருந்தது. காலையில் விழுந்த வெள்ளைத் தூள் அதன்மேல் ஏடாகக் கட்டி, மெல்ல வாசல்பக்கம் நகர்ந்தது. அவள் விளக்குமாற்றை மாட்டிவிட்டு, கதவு வழியாக முன்னறையைப் பார்த்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார், கால்கள் தண்ணீரில். அவள் முக்காலியைக் கொண்டுபோய் அவர் பாதங்களைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். துண்டால் துடைத்தாள். விரலிடுக்கெல்லாம் துடைத்து, காயம் ஏதும் இருக்கிறதா என்று விளக்கைப் போட்டுப் பார்த்தாள்.

பையிலிருந்த சட்டைகளில் சேறும் சிமெண்டும் அப்பியிருந்தன. பின்கட்டில் வாளியில் அலசினாள். கால்சட்டைகளையும் முறுக்கிப் பிழிந்தாள். மிளகாய் பூட்ஸ்களுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே கட்டியிருந்த கொடியில் ஒவ்வொன்றாகக் காயப்போட்டாள். ஈரக் கனத்தில் கொடி தொய்ந்து, சட்டைக் கைகள் தண்ணீரைத் தொட்டன. அவள் ஒரு முனையை அவிழ்த்து, மேலே வேறு ஆணி இருக்கிறதா என்று சுவரைத் தடவிப் பார்த்து, ஒரு சாண் ஏற்றிக் கட்டினாள்.